கத்தி பட்டால் கிளம்புமா?

கோரிமேட்டில் ஜிப்மர் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடைகளில் காலை ஏழு மணிக்கே உட்கார இடம் கிடைக்காது. விழுப்புரம், திண்டிவனம், கடலூர், கள்ளக்குறிச்சி என்று எல்லாத் திசையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள், பையில் பழைய சீட்டுகளும் கையில் ஸ்கேன் கவருமாக நிற்பார்கள். அப்படி ஒரு காலையில் என் பக்கத்து பெஞ்சில் இரண்டு பெண்கள். ஒருவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கூட வந்தவர் அவருடைய கணவரின் அக்கா.

"வேணாம் அண்ணி. சதை எடுத்து டெஸ்ட் பண்ணணுமாம். கத்தி பட்டா அது கெளம்பிடும்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தானே ஆச்சு? ஆபரேஷன் பண்ணி ஒரே வருஷத்துல முதுகெலும்புக்குப் போயிடுச்சு."

அண்ணி டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "பரவணும்னு இருந்தா அது கத்தியக் கேட்டுக்கிட்டா பரவும்? எழுந்திரு, சீட்டு போடணும்."

மார்பகப் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி கிட்டத்தட்ட அந்த அண்ணியின் பக்கம்தான் நிற்கிறது. 'கிட்டத்தட்ட' என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது பிறகு வரும். முதலில் பெரியம்மாவின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு புற்றுச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஸ்கேனில் தெரிகிற ஒரு சென்டிமீட்டர் கட்டியாக வளர ஏறக்குறைய 30 முறை இரட்டிக்க வேண்டும். மார்பகப் புற்றில் ஓர் இரட்டிப்புக்குப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும். மூன்று மாதம் என்றே வைத்துக்கொண்டாலும் ஏழரை வருஷம். ஆகவே ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்தில் முதுகெலும்பில் தெரிந்த கட்டிக்கு அந்தக் கத்தியின் மேல் பழி போடுவது கஷ்டம். பெரியம்மா தன் மார்பில் கட்டி இருப்பதைக் கையால் உணர்வதற்கு முன்பே அந்தச் செல் முதுகெலும்புக்குக் குடிபோயிருக்க வேண்டும்.

எப்படிப் போனது?

மார்பகப் புற்று பெரும்பாலும் பால் வரும் நாளங்களின் உட்சுவரில் தொடங்குகிறது. அந்தச் சுவரை வெளியிலிருந்து ஒரு மெல்லிய சவ்வு உறைபோலச் சுற்றியிருக்கும். செல்கள் எவ்வளவு பெருகினாலும் சவ்வுக்குள்ளேயே கிடக்கும்வரை அவை வேறெங்கும் போக முடியாது, ஏனென்றால் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்தச் சவ்வுக்கு வெளியேதான் இருக்கின்றன. சவ்வை அரித்து வெளியே வரும் நாள்தான் நோயின் ஜாதகத்தை மாற்றுகிற நாள். அன்று வலிக்காது. ஒன்றும் தெரியாது.

சவ்வைத் தாண்டினாலும் இன்னொரு தடை உண்டு. நாளத்தின் செல்கள் சுவரில் செங்கல் ஒட்டியிருப்பதுபோல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்து வைக்கும் புரதத்தின் பெயர் ஈ-கேட்ஹெரின். பரவத் தயாராகும் செல்களில் பல இந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. நின்ற இடத்தில் நிற்கும் குணத்தை விட்டு ஊர்ந்து போகும் குணத்தை எடுத்துக்கொள்கின்றன. கருவில் குழந்தையின் உறுப்புகள் உருவாகும்போதும், காயம் ஆறும்போதும் உடம்பு பயன்படுத்துகிற அதே பழைய வித்தை இது. புற்றுச் செல் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை, வீட்டில் இருக்கும் சாவியைத் திருடிக்கொள்கிறது. லோபுலார் என்ற வகைப் புற்றில் ஈ-கேட்ஹெரின் அநேகமாக முற்றிலுமே இல்லாமல் போய்விடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்தச் செல்கள் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உருண்டையாகத் திரளாததால் கையிலும் சிக்காது, மேமோகிராமிலும் பலமுறை தப்பிவிடும். பரவும்போதும் அது சினைப்பை, இரைப்பை, வயிற்றின் உள்ளுறை என்று மற்ற வகைகள் அதிகம் போகாத இடங்களுக்குப் போகும்.

வெளியே வந்த செல்லுக்கு இரண்டு வழிகள். ஒன்று நிணநீர். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய வாய்க்கால் போதும். தெருத்தெருவாக வரும் சிறு வாய்க்கால்களின் மழைநீரும் கழிவும் அதில் சேர்ந்துதான் கடலுக்குப் போகின்றன. மார்பகத்தில் திசுக்களுக்கிடையே கசியும் நீரை வடிக்கவும் இப்படியொரு வாய்க்கால் பின்னல் உண்டு. அதில் முக்கால் பங்குக்கு மேல் அக்குளை நோக்கி ஓடுகிறது. வழியில் அவரைக் கொட்டைபோலக் கணுக்கள். ஓடிவரும் நீரில் செல் இருந்தால் முதலில் சிக்குவது அங்கேதான். அக்குளில் 'நெறி கட்டியிருக்கு' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த நெறி இந்தக் கணுதான். காலில் சீழ்ப்புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதும் இதே கணக்கு, ஆனால் அது வலிக்கும். புற்றின் நெறி பெரும்பாலும் வலிக்காது, கெட்டியாக இருக்கும்.

கட்டியிலிருந்து அக்குளுக்கு நோய் நிணநீர் வழியே போகிறது என்று பாரிஸ் அறுவை மருத்துவர் ஆன்ரி லெ திரான் 1757-லேயே எழுதிவிட்டார். அவருக்கு முன்பு பலர் புற்றை உடம்பு முழுவதற்குமான கரும்பித்தக் கோளாறு என்றே நம்பினார்கள். அதே பாரிஸில் ரெகாமியே என்ற மருத்துவர் 1829-ல் 'மெத்தஸ்தாஸ்' என்ற சொல்லைப் புற்று இடம்பெயர்வதற்குப் பயன்படுத்தினார். இன்று உலகமே சொல்லும் மெட்டாஸ்டாஸிஸ் அதுதான். இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823-ல். ஜிப்மர் தன் வரலாற்றை அந்த வருஷத்திலிருந்துதான் எண்ணுகிறது. பிரெஞ்சு படித்த பழைய புதுச்சேரி டாக்டர்களுக்கு அந்தச் சொல் ஆங்கிலம் வழி வந்திருக்காது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

லெ திரான் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியை முழுதென்று எடுத்துக்கொண்டதால் பெண்கள் நிறையக் கஷ்டப்பட்டார்கள். மார்பிலிருந்து அக்குள், அக்குளிலிருந்து மற்ற உறுப்புகள் என்று நோய் படிப்படியாகத்தான் போகும் என்று அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முடிவுகட்டினார். மார்பகம், அதன் அடியில் உள்ள தசை, அக்குளின் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக வழித்தெடுத்தார். எழுபது, எண்பது வருஷம் உலகம் அதையே செய்தது. பெர்னார்ட் ஃபிஷர் 1970-களில் இதைச் சோதனையில் நிறுத்திப் பார்த்தார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் மார்பகத்தையே இழந்தவர்களும் 20 வருஷம் கழித்தும் ஒரே அளவில் பிழைத்திருந்தார்கள் என்று 2002-ல் வெளியிட்டார். கணு ஒரு சோதனைச்சாவடி மாதிரி. அங்கே செல் பிடிபட்டால் மற்ற பாதைகளிலும் போயிருக்கலாம் என்று தெரியும். அதற்காக எல்லாச் செல்லும் அந்தச் சாவடி வழியாகத்தான் போகும் என்று அர்த்தமில்லை.

மற்ற பாதை ரத்தம். கட்டி தன் பசிக்காகப் புதுப்புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவசரத்தில் கட்டிய வீடுபோல அவற்றின் சுவரெல்லாம் ஓட்டை. உள்ளே நுழைவது எளிது. 1975-ல் எலிகளின் மார்புக் கட்டியிலிருந்து வடியும் ரத்தத்தைப் பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கிராம் கட்டியிலிருந்து ஒரு நாளைக்கு 30 முதல் 40 லட்சம் செல்கள் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. கத்தி எதுவும் கட்டியை வெட்டவில்லை. சுவிட்சர்லாந்தில் 2022-ல் மார்பகப் புற்று உள்ள 30 பெண்களிடம் அதிகாலை நாலு மணிக்கும் காலை பத்து மணிக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிடைத்த புற்றுச் செல்களில் ஐந்தில் நான்கு பங்கு அதிகாலை ரத்தத்தில் இருந்தன. அதாவது அந்தப் பெண் அயர்ந்து தூங்கும்போதுதான் கட்டி அதிகமாக ஆளனுப்புகிறது. கத்தியைக் கேட்டுக்கொண்டா?

லட்சக்கணக்கில் கொட்டினால் உடம்பெல்லாம் கட்டி முளைக்க வேண்டுமே என்று தோன்றும். முளைப்பதில்லை. சிவப்பணுவின் குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். நுண்குழாய்களின் அகலமும் அவ்வளவே. புற்றுச் செல் அதைப்போல் இரு மடங்கு. சிவப்பணு மடங்கி வளைந்து போய்விடும், இது முட்டி நிற்கும், அழுத்தத்தில் கிழியும். சுவரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தே பழகிய செல்லுக்கு ரத்த ஓட்டம் காட்டாற்று வெள்ளம். இதற்கிடையே நோயெதிர்ப்பு அணுக்கள் வேட்டையாடிக்கொண்டிருக்கும். ஐசையா ஃபிட்லர் 1970-ல் கதிரியக்க அடையாளமிட்ட புற்றுச் செல்களைச் சுண்டெலியின் ரத்தத்தில் செலுத்திப் பின்தொடர்ந்தார். அவை தோல் புற்றின் செல்கள்தான், ஆனாலும் கணக்கு எல்லாவற்றுக்கும் பாடம்: கட்டியாகும் அளவுக்குப் பிழைத்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அந்த ஒன்றுதான் பிரச்சினை. ரத்தத்தட்டுகளைப் போர்வைபோல மேலே ஒட்டிக்கொண்டு வேட்டைக்காரர்களிடமிருந்து தப்புகிற செல் உண்டு. தனியாகப் போகாமல் கைகோத்துக் கொத்தாகப் போகிறவை உண்டு. அப்படிப்பட்ட கொத்துகளுக்குத் தனிச் செல்லைவிட 23 முதல் 50 மடங்கு வரை பரவும் சக்தி இருந்ததாகச் சுண்டெலிகளில் 2014-ல் காட்டினார்கள். நோய் பரவிய பெண்ணின் ஒன்றரைத் தேக்கரண்டி ரத்தத்தில், அதாவது 7.5 மில்லிலிட்டரில், ஐந்து புற்றுச் செல் இருந்தாலே நிலைமை மோசம் என்று 2004-ல் அறிவித்தார்கள். அதே ஒன்றரைத் தேக்கரண்டியில் சிவப்பணுக்கள் மட்டும் 3,000 கோடிக்கு மேல். கடற்கரை மணலில் ஐந்து கடுகைத் தேடுகிற வேலை.

இனி, எங்கே இறங்குகிறது என்ற கேள்வி. இந்த நோயில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

மார்பகத்திலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய் நேராக நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் நுழைகிறது. நுரையீரல் ஒரு வடிகட்டி. அங்கே செல் சிக்குவது புரிகிறது. ஆனால் ஈரலுக்கும் எலும்புக்கும் ஏன்? லண்டனில் ஸ்டீபன் பாஜெட் என்ற மருத்துவர் மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்து 1889-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஈரலில் கட்டி இருந்தவர்கள் 241 பேர். மண்ணீரலில் இருந்தவர்கள் 17 பேர். மண்ணீரலுக்கும் தாராளமாகவே ரத்தம் போகிறது. செல் தற்செயலாக அடித்துச் செல்லப்படுகிறது என்றால் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. விதை எல்லாத் திசையிலும் போகிறது, ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கிறது என்றார் பாஜெட். பாகூர் வயலில் தெளித்த நெல் பச்சைப்பசேலென்று எழும். அதே நெல்லை வீராம்பட்டினம் கடற்கரையில் தெளித்தால் காக்கைதான் பொறுக்கும்.

இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. குழாய் எங்கே போகிறதோ அங்கே செல்லும் போகும், அவ்வளவுதான் என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங் 1920-களில் வாதாடினார். அவருக்கும் ஆதாரம் இருந்தது. முதுகெலும்பைச் சுற்றி வால்வே இல்லாத சிரைப் பின்னல் ஒன்று உண்டு என்பதை ஆஸ்கர் பேட்சன் 1940-ல் விளக்கினார். இருமும்போதும் முக்கும்போதும் அதில் ரத்தம் பின்னோக்கி ஓடும்; மார்பகத்தின் சிரைகள் விலா வழியாக அதோடு இணைகின்றன. பெரியம்மாவின் முதுகெலும்புக்கு நுரையீரலைத் தொடாமலேயே ஒரு குறுக்கு வழி இருந்தது என்று அர்த்தம். இன்று பார்த்தால் பாஜெட், யூயிங் இருவரும் ஆளுக்கொரு பங்கு சரி. குழாய் கொண்டுபோய் இறக்கிவிடும், மண் முடிவுசெய்யும். மண் வாசனை என்பதுகூட நிஜம்தான். மார்பகப் புற்றுச் செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்-4 என்ற ஏற்பி நிறைய இருக்கிறது என்றும், அதைக் கூப்பிடும் வேதிப்பொருள் நுரையீரல், ஈரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணு ஆகியவற்றில் அதிகம் சுரக்கிறது என்றும் 2001-ல் கண்டார்கள். பாஜெட்டின் பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது.

எலும்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். எலும்பு செத்த கல் இல்லை. அதில் இடிக்கும் ஆட்களும் கட்டும் ஆட்களும் ஓயாமல் வேலை செய்கிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்பு புதிதாகிவிடுகிறது. இடிக்கிறவர்களின் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். எலும்பின் சுண்ணாம்புக்குள் வளர்ச்சிக்கான உரங்கள் புதைந்து கிடக்கின்றன. அங்கே வந்து இறங்கிய மார்பகச் செல்லுக்கு எலும்பை அரிக்கும் பல் கிடையாது. அது ஒரு ஹார்மோன் போன்ற பொருளைச் சுரக்கும். அந்தச் சேதி கட்டும் ஆட்களுக்குப் போகும், அவர்கள் ரேங்க்-எல் என்ற கட்டளையை வெளியிடுவார்கள், அதைக் கேட்டு இடிக்கும் ஆட்கள் கூட்டமாகக் கிளம்பிச் சுவரை உடைப்பார்கள். உடையும் சுவரிலிருந்து உரம் கொட்டும். அதைத் தின்று மார்பகச் செல் பெருகி மறுபடி சேதி அனுப்பும். எலும்பை உடைப்பது புற்றே இல்லை, உடம்பின் சொந்த வேலையாட்கள். இந்தச் சுழற்சி தெரிந்ததால்தான் இடிக்கும் ஆட்களைக் கட்டிப்போட மருந்து வந்தது. ஸோலட்ரானிக் அமிலத்தை டிரிப்பில் ஏற்றுவது அதற்குத்தான். டெனோசுமாப் ஊசி ரேங்க்-எல் கட்டளையையே மடக்கிப் பிடிக்கிறது.

ஈரலின் நுண்குழாய்ச் சுவர் இயல்பிலேயே சல்லடை, நுழைவது சுலபம். மூளையின் ரத்தக் குழாய்கள்தான் இருப்பதிலேயே கெட்டியான கதவு. ஹெர்-2 வகையும், மும்மறை என்று சொல்லப்படும், முக்கிய ஏற்பிகள் மூன்றும் இல்லாத வகையும் அந்தக் கதவை மற்றவற்றைவிட அதிகம் திறக்கின்றன. அதே கதவு பல கீமோ மருந்துகளையும் வெளியே நிறுத்திவிடுவது வேறு கொடுமை.

'மார்புல வந்து போச்சு, இப்ப எலும்புக் கேன்சராம்' என்று பேசுவது நம்மிடம் சகஜம். அது எலும்புக் கேன்சர் இல்லை. எந்த ஊரில் போய்க் குடியேறினாலும் அந்தச் செல் மார்பகச் செல்தான். முதுகெலும்பிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பால் நாளத்தின் சாயல் தெரியும். பலருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகூட அப்படியே இருக்கும். அதனால்தான் எலும்பில் இருக்கும் கட்டிக்கு மார்பகத்துக்கான ஹார்மோன் மாத்திரை கொடுக்கிறார்கள். சிலரிடம் மட்டும் போகும் வழியில் ஏற்பிகள் மாறிவிடுவதுண்டு. முடிந்தால் புது இடத்திலும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் கேட்பது அதற்காக.

விழுந்த விதையெல்லாம் உடனே முளைக்கவும் வேண்டாம். எலும்பு மஜ்ஜையில் ஒற்றைச் செல்லாக, பெருகாமல், சாகாமல் வருஷக்கணக்கில் உறங்கும். கீமோ பெருகும் செல்களைத்தான் குறிவைக்கும், உறங்குவது தப்பிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள 62,923 பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. எல்லாரும் ஐந்து வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு, அதுவரை நோய் திரும்பாதவர்கள். அதற்கடுத்த 15 வருஷத்தில், கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து கணுவில் ஒன்றும் இல்லாதவர்களுக்குத் தொலைவு உறுப்பில் நோய் தலைகாட்டும் வாய்ப்பு 13 சதவீதம். அதே அளவு கட்டிக்கு ஒன்று முதல் மூன்று கணுக்களில் செல் இருந்திருந்தால் 20; நான்கு முதல் ஒன்பது என்றால் 34. அக்குள் நெறி எவ்வளவு காலத்துக்குச் சாட்சி சொல்கிறது பாருங்கள். ஐந்து வருஷம் தாண்டியாச்சு, இனி பயமில்லை என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலைதான். எத்தனை வருஷம் சாப்பிடுவது என்பதை இந்தக் கணக்கையெல்லாம் வைத்துத்தான் டாக்டர் சொல்கிறார்.

சரி, கத்தி. ஊசி போட்டுச் சதை எடுத்த தடத்தில் சில செல்கள் இடம்பெயர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இல்லவே இல்லை என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் இடைவெளி கூடக் கூட அந்தச் செல்கள் காணாமல் போகின்றன, அதாவது செத்துவிடுகின்றன. ஊசியால் ஆயுள் குறைந்ததாகக் காட்டமுடியவில்லை. மறுபக்கம், 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருஷத்தில் மார்பகப் புற்று வந்த பெண்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் சுமார் 98,000. இவ்வளவு பேரை இழப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் தாமதமாக வருவது. கத்திக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டால், தினமும் அதிகாலையில் ஆளனுப்பும் கட்டிக்கு ஆறு மாதம் இலவசம்.

'கிட்டத்தட்ட' என்றேனே, அதற்கு வருகிறேன். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் ராஜேந்திர பட்வே குழுவினர் இந்தக் கத்திப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல் சோதனைக்கே எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் வரும்போதே நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்த பெண்களில் 350 பேரை 2005 முதல் 2013 வரை சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மார்புக் கட்டியை அகற்றினார்கள், மறு பாதிக்கு அகற்றவில்லை. அகற்றியவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 19.2 மாதம், அகற்றாதவர்களுக்கு 20.5. ஆயுளில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அகற்றியவர்களிடம் தொலைவு உறுப்புகளின் நோய் கொஞ்சம் வேகமாகவே முன்னேறியது. ஏற்கெனவே பரவிவிட்ட நோயில் மட்டும் கண்டது இது. மார்பிலும் அக்குளிலும் மட்டுமே நோய் இருப்பவருக்கு ஆபரேஷன்தான் உயிர் காப்பது. அதில் மாற்றுக் கருத்து கிடையாது.

இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. ஆபரேஷன் செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில் கட்டியைப் பிடித்து, இழுத்து, ரத்தம் தடைபடும்போது செல்கள் உசுப்பப்படுகின்றனவா? புற்றுச் செல்களின் மேல் சோடியம் வாயில்கள் உண்டு, அவை செல் ஊர்வதற்கு உதவுகின்றன. லிடோகெய்ன் அந்த வாயிலை அடைக்கும் மருந்து. பல் பிடுங்குவதற்கு முன்பு ஈறில் போடுகிறார்களே, அதேதான், விலையும் சொற்பம். நாட்டின் 11 மையங்களில் 1,583 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. முழு மயக்கம் கொடுத்த பிறகு, கட்டியைச் சுற்றிலும் லிடோகெய்ன் செலுத்தப்பட்டவர்களில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 90.1 சதவீதம். செலுத்தப்படாதவர்களில் 86.4. நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 86.6-க்கு 82.6. இன்னும் ஒரு நாடு, இன்னும் ஒரு பெரிய சோதனை இதை உறுதிசெய்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஊர்ப் பேச்சில் இருந்த பயத்தை எடுத்து, அதில் எது உண்மை என்று பிரித்து, மலிவான மருந்தொன்றால் மாற்றப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

செய்முறையில் பெரிய வித்தையில்லை. கட்டியின் ஆறு பக்கமும், மேலும் கீழும் சேர்த்து, 0.5 சதவீத லிடோகெய்னை 60 மில்லிலிட்டர் வரை செலுத்துவார்கள். பிறகு மருந்து ஊறுவதற்காக ஏழு முதல் பத்து நிமிஷம், அறுவை அரங்கில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கத்தி அதற்கப்புறம்தான்.